சந்தை நாள் பார்த்துக் கிளம்புங்கள்

பந்தியில் நீங்களும் நானும்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் பாஸ்க் நாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பிரனீஸ் மலை அட்லாண்டிக் கடலில் போய் முடிகிற இடத்தில், ஸ்பெயினில் பெரும்பகுதியும் பிரான்சில் ஒரு சிறு பகுதியுமாக இருக்கிற நாடு அது. தனி அரசு கிடையாது, தனி மொழி உண்டு, சாப்பாட்டைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிற மக்கள் உண்டு. சமையல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நாளிலிருந்தே நான் அங்கே போய்வருகிறேன். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குப் பத்து நாள் வெளிநாடு போகலாம் என்று இருக்கிறோம். பத்து நாளையும் பாஸ்க் பகுதிக்கே கொடுக்கலாமா? எங்கே ஆரம்பிப்பது?
– வாசகி, கோவை

தாராளமாகக் கொடுங்கள். பத்து நாளில் ஐந்து நாடு பார்க்கிறவர்களுக்கு விமான நிலையம்தான் நினைவில் நிற்கும்.

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை முதலில் கையில் எடுக்காதீர்கள். சந்தை நாட்களை நாட்காட்டியில் குறியுங்கள். திங்கட்கிழமை கெர்னிகா, புதன்கிழமை ஒர்திசியா, சனிக்கிழமை தொலோசா. இந்த மூன்றையும் குறித்துவிட்டால் மிச்சப் பயணம் தானாக அமைந்துவிடும். இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நாட்டுச் சமையலில் மசாலா குறைவு. உப்பு, ஆலிவ் எண்ணெய், பூண்டு, கொஞ்சம் மிளகாய், அவ்வளவுதான். மீனும் பீன்ஸும் பாலாடைக்கட்டியும் தரமாக இல்லையென்றால் மறைக்க வழியே இல்லை. ஆகவே அந்த ஊர்ச் சாப்பாடு புரிய வேண்டுமானால் அது விளைகிற, விற்கிற இடத்தில் போய் நிற்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை பில்பாவோவில் இறங்குங்கள். சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. பிராங்பர்ட், பாரிஸ் போல ஏதாவது ஓர் ஊரில் மாறிப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை குகன்ஹைம் அருங்காட்சியகம் (1997இல் திறந்தது, டைட்டானியத் தகடு போர்த்திய கட்டடம், உள்ளே போக நேரமில்லை என்றாலும் ஆற்றங்கரையிலிருந்து சுற்றிப் பாருங்கள்), பிறகு ஆற்றின் முகத்துவாரத்தில் 1893ஆம் ஆண்டுத் தொங்கு பாலம். அதில் வண்டிகளையும் மனிதர்களையும் ஒரு தொட்டிலில் ஏற்றி அக்கரைக்கு இழுத்துச் செல்வார்கள். திங்கட்கிழமை காலை ரயிலேறிக் கெர்னிகா. செவ்வாய்க்கிழமை பேருந்தில் சான் செபாஸ்தியன். ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து ஒர்திசியாவுக்கும் தொலோசாவுக்கும் ஒரே புறநகர் ரயில் பாதை, ஆகவே ஓட்டலை மாற்ற வேண்டாம். வியாழன் கெதாரியா, வெள்ளி எல்லை தாண்டிப் பிரான்சுப் பக்கம், சனி தொலோசா. கடைசி இரண்டு இரவு திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே லாகுவார்தியா.

ஒர்திசியாச் சந்தை 1512இல் அரச சாசனம் பெற்றது. ஊர் தீப்பிடித்து எரிந்துபோன பிறகு, அது மறுபடி எழுந்து நிற்பதற்காக வாரச் சந்தை நடத்தும் உரிமையை அரசி ஹுவானா கொடுத்தார். இன்றும் புதன்கிழமை காலையில், பெரிய தூண்கள் தாங்கும் கூரைக்கு அடியில், பண்ணை வீடுகளிலிருந்து வருகிறவர்கள் தங்கள் தோட்டத்தில் விளைந்ததை மட்டும் பரப்பி வைத்திருப்பார்கள். நான் வழக்கமாகப் பாலாடைக்கட்டி வாங்கும் பாட்டி ஒருவர் இருக்கிறார். கத்தியில் ஒரு சீவல் நீட்டுவார். நான் மென்று முடிக்கும்வரை பேசவே மாட்டார், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் விலை சொல்வார். அந்த வட்டாரத்துப் பாலாடைக்கட்டிக்கு இதியாசபால் என்று பெயர். லாச்சா என்ற நீள முடிச் செம்மறியாட்டின் பாலைக் காய்ச்சாமல் உறைய வைத்து, குறைந்தது 60 நாள் பழுக்க விட்டுச் செய்வார்கள். சிலர் லேசாகப் புகை போடுவார்கள். முன்பு மேய்ப்பர்கள் மலைக் குடிசையில் அடுப்புக்கு மேலே கட்டிகளை வைத்திருந்ததில் ஏறிய வாசனை அது. புகை போட்டது, போடாதது இரண்டையும் ருசித்துப் பாருங்கள். எனக்குப் புகை போடாததுதான் பிடிக்கும். பாலின் மணம் அதில் கெடாமல் இருக்கிறது.

செப்டம்பரில் போக முடிந்தால் அதே ஊரில் பாலாடைக்கட்டிப் போட்டியும் பார்க்கலாம். மேய்ப்பர்கள் அதற்காக ஆண்டு முழுக்கக் காத்திருப்பார்கள்.

விசா எந்த நாட்டில் கேட்பது? மழை அதிகமாமே?
– வாசகர், சேலம்

அதிக நாள் தங்கும் நாட்டில் கேளுங்கள். மேலே சொன்ன பயணத்துக்கு ஸ்பெயின். அந்த ஷெங்கன் விசாவிலேயே பிரான்சுப் பக்கமும் போய்வரலாம். மழை உண்டு. சிணுங்கிக்கொண்டே இருக்கும் தூறல். குடையைவிடத் தொப்பி வைத்த மழைச் சட்டை உதவும். மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள்.

நாங்கள் சுத்த சைவம். முட்டைகூடச் சேர்ப்பதில்லை. எங்களுக்கு அங்கே பட்டினிதானா?
– வாசகி, மயிலாப்பூர்

பட்டினி இல்லை, ஆனால் முன்யோசனை வேண்டும். இந்தக் கேள்விக்குப் பலர் ‘எல்லாம் கிடைக்கும், கவலை வேண்டாம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதை நம்பிப் போய் அம்மா வயதுள்ளவர்கள் ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலுமாக நாளைத் தள்ளியதை நான் கூட இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

அங்கே ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் மீன் வரும். காய்கறி சாண்ட்விச் என்று எழுதியிருப்பதற்குள்ளேயே டின் மீன் இருக்கும். காய்கறிக் கூட்டில் பன்றித் தொடைத் துண்டுகள் ருசிக்காகப் போட்டிருப்பார்கள். எனவே ஸ்பானிய மொழியில் இந்த வரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ‘நோ கோமோ கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ, நி ஹுவேவோ.’ இறைச்சி, ஹாம், மீன், முட்டை எதுவும் சாப்பிடமாட்டேன் என்று பொருள். ஹாமைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். அதை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு.

இன்னொன்று, சிலருக்கு இது மனவருத்தம் தரலாம். இதியாசபால் பாலாடைக்கட்டியை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைப்பொருளால். ‘மாமியா’ என்கிற ஆட்டுப்பால் தயிர் இனிப்பிலும் வழக்கமாக அதே உறைதான். நீங்கள் கேட்டதிலிருந்து நீங்கள் கடைப்பிடிக்கிறவர் என்று புரிகிறது, அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சரி, எது நிம்மதியாகச் சாப்பிடலாம்? கெர்னிகாப் பச்சை மிளகாய்: விரல் நீளம், காரமே இருக்காது, ஆலிவ் எண்ணெயில் முழுதாகப் பொரித்துக் கல்லுப்புத் தூவித் தருவார்கள். கோடையிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் ஒரு தட்டு வாங்கினால் நிறுத்த முடியாது. இபார்ரா என்ற ஊரின் ஊறுகாய் மிளகாய். வசந்த காலத்தில் நவார்ரா மாகாணத்தின் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு. காட்டுக் காளான்கள், பூண்டோடு வதக்கியது போதும், முட்டை வேண்டாம் என்று சொல்லுங்கள். சந்தைகளில் ‘தாலோ’ என்ற சோள ரொட்டியைக் கல்லில் சுட்டுத் தருவார்கள். எல்லாரும் அதில் கொத்திறைச்சிக் குழல் வைத்துச் சாப்பிடுவார்கள்; நீங்கள் சாக்லேட் வைத்துக் கேளுங்கள், அதுவும் அங்கே வழக்கம்தான்.

தொலோசாவின் கரும்பீன்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கருநீலத்தில் பளபளக்கும். தண்ணீர், கொஞ்சம் எண்ணெய், வெங்காயம் மட்டும் சேர்த்துச் சிறு தீயில் மணிக்கணக்கில் வேகவிட்டால் சாறு தானாகக் குழம்புபோலக் கெட்டிப்படும். பக்கத்தில் முட்டைக்கோசு, ஊறுகாய் மிளகாய். பிரச்சினை என்னவென்றால் உணவகங்களில் பன்றி விலாவும் இரத்தக் குழலும் கூடவே வரும், பல இடங்களில் பானைக்குள்ளேயே போட்டு வேகவைப்பார்கள். எனவே சமையலறை உள்ள வீட்டை வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமைச் சந்தையில் ஒரு கிலோ பீன்ஸ் வாங்கி நீங்களே வேகவையுங்கள். சைவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான். சந்தைக் காய்கறியும் சொந்த அடுப்பும் இருந்தால் அந்த நாட்டின் நல்ல சாப்பாட்டில் பாதி உங்களுக்குக் கிடைத்துவிடும்.

பாஸ்க் ஒயின் என்றால் ரியோஹாதானே? வேறு ஏதாவது உண்டா?
– வாசகர், புதுச்சேரி

ரியோஹா ஒயின் வட்டாரத்தின் ஒரு பகுதிதான் பாஸ்க் நாட்டுக்குள் வருகிறது. எப்ரோ ஆற்றுக்கு வடக்கே, அலவா மாகாணத்தில் இருக்கும் அதை ரியோஹா அலவேசா என்கிறார்கள். ஆனால் கடலோரத்தில் வேறொரு ஒயின் இருக்கிறது. முதலில் அதைச் சொல்கிறேன், ஏனென்றால் அதை அந்த ஊரில் குடித்தால்தான் ருசி.

அதன் பெயர் சாக்கொலி. வெள்ளை ஒயின், நல்ல புளிப்பு, நாக்கில் மெல்லிய நுரை, போதை குறைவு. கெதாரியாவில் கடலைப் பார்த்த சரிவுகளில், ஈரம் தங்காமல் இருக்கக் கொடியை உயரப் பந்தலில் ஏற்றி வளர்க்கிறார்கள்; நம் பக்கம் புடலைக்குப் போடுகிற மாதிரிப் பந்தல். நெடுங்காலம் பண்ணை வீட்டுக் குடியாகத்தான் இருந்தது. 1989இல் கெதாரியா சாக்கொலிக்கு முறையான ஊர்ப்பெயர் உரிமை கிடைத்த பிறகு தரம் உயர்ந்தது. போத்தலை உயரத் தூக்கி ஊற்றுவார்கள். நுரை உடைந்து மணம் எழுவதற்காக அப்படி. கொஞ்சமாக ஊற்றி உடனே குடித்துவிட வேண்டும். வைத்துப் பழக்க வேண்டிய ஒயின் இல்லை இது, அந்தந்த ஆண்டே குடிப்பது. உப்பில் பதப்படுத்திய நெத்திலி வகை மீன் ஒரு துண்டு, ஒரு மடக்கு சாக்கொலி. இரண்டும் ஒன்றுக்கொன்று பிறந்தவை என்று நான் நம்புகிறேன்.

சரௌத்ஸ் ஊரிலிருந்து கெதாரியாவுக்குக் கடலை ஒட்டி நான்கு கிலோமீட்டர் நடைபாதை. நடந்தே போங்கள். உலகை முதலில் சுற்றிவந்த கப்பலை 1522இல் கரைசேர்த்த எல்கானோ அந்த ஊர்க்காரர். தலைமை தாங்கிப் போன மகெல்லன் வழியில் இறந்துபோக, தன்னையும் சேர்த்து மிஞ்சிய 18 பேரை ஊர் கொண்டுவந்து சேர்த்தவர் இவர்தான். உடை வடிவமைப்பாளர் பாலென்சியாகாவும் 1895இல் அங்கே பிறந்தவரே. அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் மதியம் ஒரு மணிக்கு அந்த ஊரில் எல்லாரையும் இழுப்பது தெருவோரக் கரி அடுப்புதான். முழு மீனைக் கம்பிக் கூட்டில் வைத்து, இரு புறமும் திருப்பிச் சுடுவார்கள். திருக்கைபோலத் தட்டையான ‘டர்பட்’ மீன் கிடைத்தால் விலையைப் பார்க்காமல் ஒரு முறை சாப்பிடுங்கள். துடுப்போரத்து எலும்புகளைக் கையால் எடுத்து உறிஞ்ச வேண்டும். பசை மாதிரி ஒட்டும் அந்தப் பகுதிதான் ருசி.

இனி மலைக்கு அந்தப் பக்கம். கந்தாப்ரியா மலைத்தொடர் கடல் மேகத்தை மறித்துவிடுவதால், தாண்டியதும் வெயில், வறண்ட மண், தெம்பிரானில்லோ திராட்சை. லாகுவார்தியா மதில் சூழ்ந்த குன்று ஊர். வீடுகளுக்கு அடியிலெல்லாம் குடைந்த நிலவறைகள் இருப்பதால் பழைய ஊருக்குள் வண்டிகளை விடுவதில்லை. பக்கத்து எல்சியேகோவில் 1858இல் தொடங்கிய மார்கேஸ் தெ ரிஸ்கால் ஒயின் ஆலை இருக்கிறது. 2006இல் அதற்குள் கட்டிய உலோக ரிப்பன் கூரை ஓட்டலைப் படம் எடுக்கத்தான் கூட்டம். நான் உங்களை அனுப்ப விரும்புவது குடும்பமாக நடத்தும் சிறு நிலவறைகளுக்கு. வாரம் முன்பே மின்னஞ்சல் எழுதி நேரம் வாங்குங்கள். அங்கே ‘கிரியான்சா’, ‘ரெசேர்வா’ என்ற பழைய ஒயின்களோடு ‘கொசெச்சேரோ’ என்கிற இளம் ஒயினையும் கேளுங்கள். குலையைக் காம்போடு தொட்டியில் போட்டுப் புளிக்க விட்டு, சில மாதங்களிலேயே போத்தலுக்கு வருவது. மரப்பீப்பாய் வாசனை ஏறாத பழ ருசி. அந்த ஊர் விவசாயிகள் தாங்கள் குடிக்க வைத்துக்கொள்வது அதைத்தான்.

குடிக்காதவர்கள் ‘மோஸ்தோ’ என்று கேட்கலாம். திராட்சைச் சாறு, ஆலிவும் ஆரஞ்சுத் துண்டும் போட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே மரியாதையோடு தருவார்கள். ஒயின் ருசிபார்க்கப் போகிற நாளில் மட்டும் நீங்கள் வண்டி ஓட்ட வேண்டாம்.

ஜனவரியில்தான் எனக்கு விடுமுறை. குளிரில் போய் என்ன பயன்?
– வாசகர், ஓசூர்

ஜனவரியில்தான் ஆப்பிளைப் புளிக்க வைத்த சைடர் மது பரிமாறும் வீடுகள் திறக்கின்றன! சான் செபாஸ்தியனுக்குப் பக்கத்தில் அஸ்திகர்ராகா, எர்னானி என்ற ஊர்களில், ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை. பெரிய கொட்டகை, நீள மேசை, சுவரோரம் ஆள் உயரத்துக்கு மேல் பீப்பாய்கள். சாப்பாடு எல்லாருக்கும் ஒன்றேதான்: உப்புக் காட் மீன் போட்ட ஆம்லெட், பச்சை மிளகாயோடு காட் மீன் வறுவல், கரியில் சுட்ட பெரிய மாட்டு விலா, கடைசியில் பாலாடைக்கட்டி, சீமை மாதுளை அல்வா, உடைக்காத அக்ரூட். நடுவில் யாராவது ‘ச்சோச்!’ என்று குரல் கொடுப்பார். எல்லாரும் தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கோப்பையோடு எழுந்து போவார்கள். பீப்பாயின் சிறு துளை வழியே சைடர் நூல்போலப் பீறிட்டு வரும். வரிசையில் நின்று, கோப்பையைச் சாய்த்து, விளிம்பில் படும்படி இரண்டு விரல் அளவு பிடித்து, அங்கேயே குடித்துவிட்டு மேசைக்குத் திரும்ப வேண்டும். முன்னால் நிற்பவர் விலகும்போது உங்கள் கோப்பை தாரையில் இருக்க வேண்டும், ஒரு சொட்டும் தரையில் விழக்கூடாது. தெரியாத பத்துப் பேர் இதில் பழகிவிடுவார்கள்.

ஜனவரி 20 சான் செபாஸ்தியன் ஊர்த் திருவிழா. முந்தைய நள்ளிரவில் தொடங்கி 24 மணி நேரம், சமையற்காரர் உடையிலும் போர்வீரர் உடையிலும் ஊரே மேளம் அடிக்கும். மாதக் கடைசித் திங்கள், செவ்வாயில் நவார்ராவின் இதுரேன், சுபியெதா கிராமங்களில் ஆட்டுத்தோல் போர்த்தி, முதுகில் பெரிய மணிகளைக் கட்டிக்கொண்டு ஒரே தாளத்தில் நடந்துபோவார்கள். நெஞ்சுக்கூடு அதிரும்.

பிஞ்ச்சோ என்கிற சிறு தின்பண்டம் சாப்பிட பார் பாராகப் போக வேண்டுமாமே. நானும் என் தங்கையும் மட்டும் போகிறோம். சரியாக இருக்குமா?
– வாசகி, மதுரை

தயக்கமே வேண்டாம். அங்கே பார் என்பது பாட்டியும் பேரனும் சேர்ந்து வருகிற இடம். தொட்டில் வண்டியோடு தாய்மார்கள் நிற்பார்கள்.

ஒரு பாரில் ஒன்று அல்லது இரண்டு சாப்பிட்டுவிட்டு அடுத்ததற்கு நகர வேண்டும். மேடையில் அடுக்கியிருப்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சூடாகச் செய்து தருவது கரும்பலகையில் எழுதியிருக்கும், நல்லது அதில்தான். ஒவ்வொரு பாருக்கும் ஒரு கைப்பக்குவம். சான் செபாஸ்தியன் பழைய ஊரில் கன்பாராவில் காளான், சேபெச்சாவில் நெத்திலி, லா வீன்யாவில் சீஸ் கேக். சாப்பிட்டதைச் சொல்லிக் கடைசியில் காசு கொடுத்தால் போதும், நம்புவார்கள். ஒரு பெரிய தட்டை வாங்கி எட்டு வகையைக் குவித்துக்கொண்டு மூலையில் உட்கார்வதை மட்டும் செய்யாதீர்கள். மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டு, மாலை ஏழரைக்கு மேல், இதுதான் நேரம்.

பெண்கள் என்று நீங்கள் கேட்டதால் இன்னொன்று. அந்த ஊரில் சமையல் சங்கங்கள் உண்டு, 1870இலிருந்து இருப்பவையும் இருக்கின்றன. உறுப்பினர்கள் கூடி, தாங்களே சமைத்துச் சாப்பிடுவார்கள். தலைமுறை தலைமுறையாக ஆண்கள் மட்டும். ஒரு சங்கத்துக்கு என்னை விருந்தினராக அழைத்தார்கள். மேசையில் இடம் கொடுத்தார்கள், அடுப்படிக்குள் மட்டும் விடவில்லை. வாழ்நாள் முழுக்க அடுப்படியில் பாடம் நடத்தியவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. இன்று பல சங்கங்கள் பெண்களை உறுப்பினராகச் சேர்க்கின்றன. எல்லாமே மாற வேண்டும்.

பாஸ்க் சீஸ் கேக் நூற்றாண்டுப் பழைய பலகாரம் என்று எங்கள் பேட்டை பேக்கரியில் எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மையா?
– வாசகி, அண்ணா நகர், சென்னை

இல்லை. மேலே சொன்ன லா வீன்யா பாரில் சாந்தியாகோ ரிவேரா என்பவர் 1990ஐ ஒட்டிச் செய்யத் தொடங்கியது. அடிமாவு கிடையாது, கிரீம் சீஸ், சர்க்கரை, முட்டை, கிரீம், ஒரு கரண்டி மாவு. கடும் சூட்டில் மேலே கருக விட்டு, நடுவில் தளதளவென்று இருக்கும்போதே எடுப்பார்கள். நல்ல பண்டம், பொய்ப் பழமை அதற்குத் தேவையில்லை. உண்மையிலேயே பழையது வேண்டுமானால் நான் முன்னே சொன்ன மாமியா. மரக் குவளையில் ஆட்டுப்பாலை ஊற்றி, நெருப்பில் பழுத்த கல்லை அதற்குள் போட்டுக் காய்ச்சுவார்கள். அந்தத் தீய்ந்த வாசனைக்கு மேல் தேன்.

புனித சவேரியார் பாஸ்க் நாட்டுக்காரர் என்று பங்குத்தந்தை சொன்னார். அவர் பிறந்த இடத்தைப் பார்க்கலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பார்க்கலாம், உங்கள் ஊர்க்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். நவார்ராவில் ஹவியர் என்ற இடத்தில் உள்ள கோட்டையில் 1506இல் பிறந்தார். அந்த ஊர்ப்பெயர்தான் நம் வாயில் சவேரியார் ஆனது. அதுவரை தனி அரசாக இருந்த நவார்ராவை 1512இல் பக்கத்துக் காஸ்தில்யா அரசு பிடித்தது. சவேரியாரின் குடும்பம் எதிர்த்து நின்றதால் 1516இல் கோட்டையின் கோபுரங்களை இடித்தார்கள். அவருக்கு அப்போது பத்து வயது. இன்று நீங்கள் பார்ப்பது பின்னால் சீரமைத்துக் கட்டியது.

முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வேலை செய்த அனுபவத்தை 1544இல் ரோமிலிருந்த தோழர்களுக்கு எழுதினார். அவர்களுடைய மொழி மலபார், என்னுடையது பிஸ்காயா மொழி, ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளவில்லை என்பது அதில் உள்ள செய்தி. அன்றைய ஐரோப்பியர் மலபார் என்றது தமிழை. அவர் தாய்மொழி என்று சொன்னது பாஸ்க் மொழியை. அதனால்தான் இரு மொழியும் தெரிந்தவர்களைத் தேடிக் கூட்டி வைத்து, செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போனார். தமிழும் பாஸ்க்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற அந்தக் கடிதத்தை நினைத்துக்கொண்டு கோட்டை முற்றத்தில் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மார்ச் மாதம் பம்ப்லோனாவிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் நடந்து அங்கே யாத்திரை வருவார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து பழகிய கால்களுக்கு அது பெரிதில்லை.

ஒரு சின்ன இனம் தன் மொழியை எப்படிக் காப்பாற்றிக்கொண்டது? சுற்றுலாப் போகிறவர் கண்ணில் படும்படி அங்கே ஏதாவது இருக்கிறதா?
– வாசகர், யாழ்ப்பாணம்

உலகில் எந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத மொழி அவர்களுடையது. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் பள்ளியிலும் பொது இடத்திலும் அதை ஒடுக்கினார்கள். பெற்றோர்கள் வீடுகளிலும் தேவாலயக் கூடங்களிலும் பள்ளி நடத்தினார்கள். ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் வேறு வேறு மாதிரிப் பேசிய மொழிக்கு ஒரு பொது எழுத்து நடை வேண்டும் என்று 1968இல் அரான்சாசு மடாலயத்தில் அறிஞர்கள் கூடி முடிவெடுத்தார்கள். 1979இல் தன்னாட்சி கிடைத்தது. இன்று தன்னாட்சிப் பகுதியில் பெரும்பாலான பிள்ளைகள் அந்த மொழியிலேயே படிக்கிறார்கள். பேசுகிறவர்கள் ஏழரை லட்சத்துக்கும் மேல். பிரான்சுப் பக்கம் அரசு மொழி என்ற தகுதி இல்லை, அங்கே நிலைமை இன்னும் கவலைதான்.

கண்ணில் படுவது என்று கேட்டீர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ‘கொர்ரிகா’ என்ற ஓட்டம். இரவு பகல் நிற்காமல், 2,000 கிலோமீட்டருக்கு மேல், கைமாற்றிக் கைமாற்றி ஒரு கோலை ஏந்தி ஓடுவார்கள். ஒவ்வொரு கிலோமீட்டரையும் யாரோ காசு கொடுத்து வாங்குவார்கள், கடைக்காரரோ பள்ளிக்கூடமோ நண்பர் கூட்டமோ. அந்தப் பணம் பெரியவர்களுக்கு மொழி சொல்லிக்கொடுக்கப் போகிறது. அதிகாலை மூன்று மணிக்கு ஒரு மலைக் கிராமத்தில், தாத்தாக்களும் பிள்ளைகளும் மழையில் நின்று அந்தக் கோலுக்காகக் காத்திருந்ததைப் பார்த்தேன். நானும் அவர்களோடு ஒரு கிலோமீட்டர் ஓடினேன்.

இன்னொன்று பெர்சோலாரிகள். மேடையில் அங்கேயே தலைப்புக் கொடுப்பார்கள். மெட்டும் எதுகையும் தவறாமல் அந்த நொடியில் கட்டிப் பாட வேண்டும். நம் காளமேகத்தின் ஆசுகவி மரபு அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் பெரும் போட்டியின் இறுதிநாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அரங்கில் உட்கார்ந்து கேட்கிறார்கள். வென்றவருக்குத் தொப்பி சூட்டுவார்கள். 2009இல் மய்யாலென் லுஹான்பியோ அந்தத் தொப்பியை வென்ற முதல் பெண்.

கெர்னிகாவுக்குப் போவதைத் தவறவிடாதீர்கள். அந்த ஊர் இருக்கும் பிஸ்காயா மாகாணத்தின் ஆட்சியாளர்கள் அங்கிருந்த ஓக் மரத்தடியில்தான் மக்களின் உரிமைகளை மதிப்பதாகச் சத்தியம் செய்தார்கள். 1937 ஏப்ரல் 26, ஒரு திங்கட்கிழமை, ஹிட்லரின் விமானங்கள் பிராங்கோவுக்காக அந்த ஊரைக் குண்டு வீசி எரித்தன. மரமும் சபை மண்டபமும் தப்பின. அந்தக் கொடுமையைப் பற்றிப் பிக்காசோ வரைந்த ஓவியம் மாட்ரிடில் இருக்கிறது. கெர்னிகாவில் அதன் ஓட்டுச் சித்திரப் பிரதி ஒரு தெருச்சுவரில். பழைய மரத்தின் அடிமரத்தைத் தூண்களுக்கு நடுவே வைத்திருக்கிறார்கள், அதே வம்சத்து இளமரம் பக்கத்தில் வளர்கிறது. பார்த்துவிட்டுச் சந்தைக்குள் போங்கள். இன்றும் திங்கட்கிழமைதான் சந்தை.

அங்கே நடந்த ஆயுதப் போராட்டம் பற்றியும் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். பாஸ்க் தனிநாடு கேட்டுப் போராடி, எண்ணூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட ஏத்தா அமைப்பு 2011 அக்டோபரில் ஆயுதப் போராட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தது, 2018இல் கலைந்தது. இரண்டு பக்கமும் துக்கம் சுமக்கிற வீடுகள் இருக்கின்றன. சாப்பாட்டு மேசையில் நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அவர்களே எடுத்தால் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் ஊர் இளவட்டக்கல் மாதிரி அங்கேயும் கல் தூக்குவார்களாமே?
– வாசகர், திருநெல்வேலி

ஆம், ஊர்த் திருவிழாக்களில் கல் தூக்குதல், மரம் வெட்டுதல், காளைகளைப் பூட்டிப் பாறை இழுத்தல் எல்லாம் உண்டு. முதன்முதலில் 300 கிலோ தூக்கியவர் லெய்ச்சா ஊரின் இன்யாகி பெருரேனா. அந்த ஊரிலேயே கல் தூக்கும் கலைக்கு அவர் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்.

பிரான்சுப் பக்கம் வீட்டுச் சுவரெல்லாம் மிளகாய் தொங்குகிற படம் பார்த்தேன். அது எந்த ஊர்? காரம் எப்படி?
– வாசகி, விருதுநகர்

எஸ்பெலெத். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த செடிதான், போர்ச்சுகீசியர் நம் பக்கம் கொண்டுவந்த அதே உறவு. பத்தே ஊர்களில் விளைந்ததுக்குத்தான் அந்தப் பெயர் போட்டு விற்கலாம். 2000இல் பிரெஞ்சு அரசு கொடுத்த உரிமை. நம் சம்பா மிளகாயோடு ஒப்பிட்டால் காரம் மிகக் குறைவு, பழ வாசனை அதிகம். அந்த வட்டாரச் சமையலில் மிளகின் இடத்தை அது பிடித்துவிட்டது. அக்டோபர் கடைசிச் சனி, ஞாயிறு மிளகாய்த் திருவிழா. பக்கத்தில் பயோன் நகரில் சாக்லேட் வாங்குங்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் 17ஆம் நூற்றாண்டில் அங்கே கொண்டுவந்த தொழில் அது.

மிச்லின் நட்சத்திர உணவகம் ஒன்றிலாவது சாப்பிட வேண்டாமா?
– வாசகர், திருச்சி

பணமும் ஆசையும் இருந்தால் ஒன்றில் சாப்பிடுங்கள். 1970களில் அர்சாக், சுபிஹானா போன்ற சமையற்காரர்கள் வீட்டுச் சமையலையும் சந்தைச் சரக்கையும் வைத்தே புதிய பாஸ்க் சமையலைத் தொடங்கினார்கள், அவர்கள் மீது எனக்குப் பெருமதிப்பு. ஆனால் மூன்று நட்சத்திர மேசையில் முன்பதிவு கிடைத்தது என்பதற்காக ஒர்திசியாப் புதன்கிழமையை விட்டுவிடாதீர்கள்.

ஊருக்கு என்ன வாங்கி வரலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

அன்யானா உப்பு. ஆறாயிரம் ஆண்டுக்கு மேலாக உப்பு எடுக்கும் மலைப் பள்ளத்தாக்கு அது. ஊற்று நீரை மரக் கால்வாய் வழியே பாத்திகளில் விட்டு வெயிலில் காய்ச்சுகிறார்கள். அப்புறம் எஸ்பெலெத் மிளகாய்த் தூள், தொலோசா பீன்ஸ் ஒரு கிலோ, அசைவர்களுக்கு எண்ணெயில் போட்ட நெத்திலி டின். பீன்ஸை வீட்டில் குக்கரில் போடாதீர்கள். கனமான பாத்திரம், சிறு தீ, மூன்று மணி நேரம். தண்ணீர் குறையும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்த நீர் சேருங்கள், உப்பு கடைசியில்.